வெளியூரிலிருந்து வீட்டுக்குள்: வலையமைப்புத் தொழிலுக்கு வரும் இளைஞருக்கு ஒரு கடிதம்

வீட்டு வலையமைப்பில் இருக்கும் கருவிகளை வெளியூரிலிருந்து பார்ப்பதும் இயக்குவதும் தொலை அணுகல் எனப்படும். வாசல் கேமரா, அதன் பதிவுகளைச் சேமிக்கும் டிவிஆர், குடும்பப் படங்களை வைத்திருக்கும் சேமிப்புப் பெட்டி, மேசைக் கணினி, தண்ணீர் மோட்டாரின் சுவிட்ச் ஆகியவற்றுக்கே இது அதிகம் தேவைப்படுகிறது. கேமரா மாட்டி, கேபிள் இழுத்து, ரவுட்டர் அமைத்துத் தரும் தொழிலுக்குப் புதிதாக வருபவரிடம் வாடிக்கையாளர் முதலில் கேட்பது, "துபாயில் இருக்கும் பையன் போனில் தெரியுமா?" என்பதுதான். தெரிய வைக்கப் பத்து நிமிடம் போதும். வேறு யாருக்கும் தெரியாதபடி அதைச் செய்ய ஒரு பிற்பகல் ஆகும். இந்தக் கடிதம் அந்தப் பிற்பகலைப் பற்றியது.

ஒரு வீட்டில் இருபது கருவிகள் இருந்தாலும் இணைய நிறுவனம் தருவது பெரும்பாலும் ஒரே ஐபி முகவரி. உள்ளே இருக்கும் கருவிகளுக்கு ரவுட்டர்தான் 192.168 என்று தொடங்கும் முகவரிகளைப் பிரித்துக் கொடுக்கிறது. 1996-இல் வெளியான 1918-ஆம் எண் ஆர்எஃப்சி ஆவணம் இதையும் வேறு இரண்டு தொகுதிகளையும் தனி வலையமைப்புகளுக்கென்று ஒதுக்கியது. இவை எந்த வீட்டிலும் இருக்கலாம். பொது இணையத்தில் செல்லாது. உள்ளிருந்து போகும் கோரிக்கையை ரவுட்டர் குறித்துவைத்துக்கொள்கிறது. பதில் வந்ததும் கேட்ட கருவியிடம் சேர்க்கிறது. யாரும் கேட்காமல் வெளியிலிருந்து வருவதை யாரிடம் கொடுப்பதென்று அதற்குத் தெரியாது, அப்படியே விட்டுவிடும். முகவரிப் பஞ்சத்தைச் சமாளிக்க வந்த ஏற்பாடு இது. ஆனாலும் வீட்டுக்கு ஒரு மதில் போல அமைந்துவிட்டது.

அந்த மதிலில் ஓட்டை போடுவதே பழைய வழக்கம். வெளியிலிருந்து 8000-ஆம் போர்ட்டுக்கு, அதாவது அந்த எண்ணுள்ள வாசலுக்கு, வருவதையெல்லாம் டிவிஆரிடம் அனுப்பு என்று ரவுட்டரில் ஒரு வரி எழுதினால் முடிந்தது. போர்ட் ஃபார்வர்டிங் என்பது இதுதான். வருகிறவர் மகனா திருடனா என்று ரவுட்டர் பார்ப்பதில்லை. டிவிஆரின் கடவுச்சொல் ஒன்றுதான் காவல். அதன் மென்பொருளில் பிழை இருந்தால் அந்தக் காவலும் இல்லை. யூபிஎன்பி என்ற வசதி இயங்கிக்கொண்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். வீட்டிலுள்ள கருவி தானே ரவுட்டரிடம் சொல்லி, வீட்டுக்காரருக்குத் தெரியாமலே போர்ட்டைத் திறந்துகொள்ளும். புதிய வீட்டின் ரவுட்டரில் முதலில் அணைக்க வேண்டியது இதைத்தான்.

ஊர்க்கோடியில் இருக்கும் வீட்டை யார் தேடி வரப்போகிறார்கள் என்று வாடிக்கையாளர் கேட்பார். யாரும் தேட வேண்டியதில்லை. 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட இசட்மேப் என்ற கருவி, உலகின் ஐபிவி4 முகவரிகள் அனைத்தையும் ஒரு போர்ட்டுக்காக 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும். அதற்கு ஒரு கணினியும் ஒரு கிகாபிட் இணைப்பும் போதும். அதற்கு முன்பே, 2009-இல் வந்த ஷோடான் தேடுபொறி, திறந்து கிடக்கும் கருவிகளைப் பட்டியலிட்டுக் காட்டத் தொடங்கிவிட்டது. ஐயம் இருப்பவர் ஒரு லினக்ஸ் கணினியின் 22-ஆம் போர்ட்டை ஒரே ஓர் இரவு இணையத்துக்குத் திறந்துவைத்து, காலையில் அதன் பதிவேட்டைப் பார்க்கலாம். ரூட், அட்மின், டெஸ்ட், உபுண்டு, பை என்று பெயர்களை மாற்றி மாற்றி, முகம் தெரியாத முகவரிகள் வரிசையாக முயன்றிருக்கும். போர்ட் எண்ணை 22-லிருந்து 2222-க்கு மாற்றினால் இந்தச் சத்தம் குறையும். பாதுகாப்பு அதிகமாகாது.

2016-இல் உலகமே இதன் விலையைக் கண்டது. மிராய் என்ற தீநிரல், ஆலையிலிருந்து வந்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாமல் விட்டிருந்த கேமராக்களிலும் டிவிஆர்களிலும் ரவுட்டர்களிலும் புகுந்தது. அதனிடம் இருந்த ஆயுதம் அறுபது சொச்சம் பெயர்–கடவுச்சொல் இணைகள், அவ்வளவே. அப்படிப் பிடித்த கருவிகளைக் கொண்டு அக்டோபர் 21 அன்று டின் என்ற பெயர்முகவரிச் சேவை நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட தளங்கள் பலருக்கும் பல மணி நேரம் கிடைக்கவில்லை. அந்த நிரல் எந்த அரசின் கைவரிசையும் இல்லை. மிராயை எழுதியதாக 2017-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டவர்கள் மூன்று இளைஞர்கள். வீட்டுக்குள்ளேயே வந்த இழப்புக்கும் சான்று உண்டு. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற பணயநிரல், இணையத்துக்கு நேரடியாகத் திறந்திருந்த க்யூநாப் சேமிப்புப் பெட்டிகளைப் பூட்டி, ஒவ்வொன்றுக்கும் 0.03 பிட்காயின் கேட்டது. பூட்டப்பட்டவற்றில் திருமணப் படங்களும் குழந்தைகளின் படங்களும் இருந்திருக்கும்.

இப்போது விற்கும் கேமராக்கள் பலவற்றில் ஓட்டை போட வேண்டியதில்லை. பெட்டியில் ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியீட்டை போனில் படித்தால், கேமரா தானாகவே வெளியே போய்த் தயாரிப்பாளரின் சர்வரில் இணைந்து நிற்கும். போனும் அங்கே போகும். இரண்டையும் அந்த சர்வர் சந்திக்க வைக்கும். திறந்த போர்ட்டைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் நடுவில் ஒரு நிறுவனம் உட்கார்ந்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் வைஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் சேவை ஒரு தடங்கலுக்குப் பின் மீண்டு வந்தபோது, ஏறத்தாழ 13,000 பேருக்கு மற்றவர் வீட்டுக் கேமராவின் சிறுபடங்கள் தெரிந்தன. அதை அந்த நிறுவனமே அறிவித்தது. வாசலையும் தெருவையும் பார்க்கும் கேமராவுக்கு இந்த வழி போதுமா என்பதை வீட்டுக்காரர் முடிவு செய்யலாம். அம்மா படுத்திருக்கும் அறையைப் பார்க்கும் கேமராவுக்கு இது போதாது.

நம்பத்தக்க வழி விபிஎன் சுரங்கம். காசு கட்டி இருப்பிடத்தை மறைத்துக்கொள்ளும் சேவைக்கும் விபிஎன் என்றே பெயர். அது வேறு வேலை. இங்கே சொல்லும் விபிஎன் வீட்டிலேயே ஓடுவது. போன் முதலில் சாவியைக் காட்டி வீட்டு வலையமைப்புக்குள் வந்துவிடும். அதன்பிறகு டிவிஆரின் 192.168 முகவரியை, கூடத்தில் உட்கார்ந்து திறப்பது போலவே திறக்கும். டிவிஆர் ஒருபோதும் வெளியே தலைகாட்டுவதில்லை.

இதற்கு இன்றைக்குப் பொருத்தமானது வயர்கார்ட். ஜேசன் டோனன்ஃபெல்ட் உருவாக்கிய இது 2020 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 5.6 கருநிரலில் சேர்ந்தது. நிரல் ஏறத்தாழ 4,000 வரி மட்டுமே; ஒருவர் உட்கார்ந்து படித்துச் சரிபார்க்கக்கூடிய அளவு. 2001-இல் வந்த ஓப்பன்விபிஎன் இதைவிடப் பன்மடங்கு பெரியது. ரவுட்டரில் அது மட்டும்தான் இருக்கிறது என்றால் தயங்காமல் பயன்படுத்தலாம். பிபிடிபி என்ற பழைய முறை ரவுட்டரின் பட்டியலில் தெரிந்தாலும் தொடக்கூடாது. அதன் கடவுச்சொல் முறை 2012-லேயே முழுமையாக உடைக்கப்பட்டுவிட்டது. வயர்கார்ட்டுக்கும் ஒரு யூடிபி போர்ட்டைத் திறக்கத்தான் வேண்டும், வழக்கமாக 51820. வேறுபாடு, சரியான சாவியோடு வராத எதற்கும் அது பதிலே சொல்லாது என்பதில் இருக்கிறது. தட்டிப் பார்க்கிறவருக்கு அங்கே கதவு இருப்பதே தெரியாது.

அமைப்புக் கோப்பு சிறியது. வரி வரியாகப் புரிந்துகொண்டே எழுதிவிடலாம். ரவுட்டரிலேயே வயர்கார்ட் இருந்தால் நல்லது; இல்லாவிட்டால் ராஸ்பெரி பை என்ற சிறு கணினி, பழையதாக இருந்தாலும், போதும். ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு சாவிகள் உண்டு. ஒவ்வொன்றும் 44 எழுத்து நீளம், கடைசி எழுத்து சமக்குறி. பொதுச்சாவியை எதிர்முனைக்குக் கொடுக்கலாம். தனிச்சாவி பிறந்த கருவியை விட்டு வெளியே போகக்கூடாது. வேலை சீக்கிரம் முடிய வேண்டுமென்று தொழில்நுட்பரே இரண்டையும் உருவாக்கி, க்யூஆர் படமாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்புவது பரவலாக நடக்கிறது. அந்தப் படத்துக்குள் தனிச்சாவி இருக்கிறது. அது இரண்டு போன்களின் கேலரியிலும் அவற்றின் மேகச் சேமிப்பிலும் வருடக்கணக்கில் கிடக்கும். அப்பாவுக்கு ஒரு சாவி, மகனுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். ஒரு போன் தொலைந்தால் அந்த ஒரு பதிவை மட்டும் அழித்தால் போதும்; மற்றவர்களுக்கு எதுவும் மாறாது.

போன் பக்கத்துக் கோப்பில் எந்த முகவரிகள் சுரங்கத்துக்குள் போக வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். பூஜ்யங்களாக நிரப்பினால் போனின் எல்லாப் போக்குவரத்தும் வீடு வழியாகச் சுற்றிப் போகும். வீட்டு முகவரித் தொகுதியை மட்டும் எழுதினால் கேமரா மட்டும் சுரங்கத்தில் போகும், மற்றவை வழக்கம்போல நேரே போகும். வளைகுடாவில் இருப்பவர்களுக்கு இரண்டாவதே உகந்தது. ஐக்கிய அரபு அமீரகத்தில் குற்றம் செய்ய விபிஎன்னைப் பயன்படுத்துவதற்குக் கடுந்தண்டனை உண்டு. அந்த நாட்டு விதியை அங்கிருப்பவர் படித்துவிட்டே இதை இயக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

வீட்டு முகவரித் தொகுதியை 192.168.1 என்றே விட்டுவிடுவது பின்னால் தலைவலி தரும். தங்கும் விடுதியின் வைஃபையும் அதே தொகுதியில் இருந்தால், 192.168.1.20 என்பது வீட்டு டிவிஆரா பக்கத்து அறை டிவியா என்று போன் குழம்பும். முதல் நாளே 192.168.73 போன்ற யாரும் வைக்காத எண்ணுக்கு மாற்றி, ஒவ்வொரு கேமராவுக்கும் நிலையான முகவரியை ஒதுக்கிவிட வேண்டும்.

எல்லாம் சரியாக எழுதியும் இணைப்பு வராமல் போனால் முதல் ஐயம் சிஜிநாட் மீதே விழ வேண்டும். ஐபிவி4 முகவரிகளின் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துவிட்டதால், இணைய நிறுவனங்கள் பல, ஒரு பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன; இதுவே சிஜிநாட். கண்டுபிடிப்பது எளிது. ரவுட்டரின் வான் பக்கத்தில், அதாவது இணைய நிறுவனத்தை நோக்கிய பக்கத்தில், தெரியும் முகவரியையும், முகவரி காட்டும் ஏதாவது ஒரு தளத்தில் தெரிவதையும் ஒப்பிட வேண்டும். இரண்டும் வேறுபட்டு, ரவுட்டரில் 100.64 முதல் 100.127 வரையோ 10 என்றோ தொடங்கினால் அந்த வீட்டுக்குச் சொந்தப் பொது முகவரி இல்லை. அங்கே போர்ட்டைத் திறந்து பயனில்லை. மதிலுக்கு வெளியே இன்னொரு மதில் இருக்கிறது.

இதற்கு வழிகள் உண்டு. மாதக் கட்டணம் கட்டி நிலையான முகவரி வாங்கலாம். ஐபிவி6 இருந்தால் அதன் வழியாக வரலாம்; ஆனால் எதிர்முனையிலும் ஐபிவி6 இருக்க வேண்டும், ரவுட்டரின் தீச்சுவர் ஐபிவி6-க்கும் மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான வீடுகளுக்கு டெயில்ஸ்கேல் போன்ற சேவையே நடைமுறைக்கு ஒத்துவரும். அது வயர்கார்ட்டின் மேல் கட்டப்பட்டது. இரண்டு முனைகளும் வெளியே வந்து ஒன்றையொன்று கண்டுகொள்ளும். நேர்வழி கிடைக்காவிட்டால் இடைநிலை சர்வர் வழியாகப் போகும், அப்போதும் உள்ளடக்கம் முனைக்கு முனை பூட்டியே இருக்கும். கேமராவில் அதை நிறுவ முடியாது. வீட்டில் இருக்கும் பை ஒன்றை வாயிலாக வைத்து முழுத் தொகுதியையும் அதன் வழியாகக் காட்டலாம். இந்த ஏற்பாட்டில் வீட்டின் பூட்டு, உள்நுழையப் பயன்படும் கூகுள் அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய் உட்கார்ந்துவிடுகிறது. அந்தக் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு போடாமல் வீட்டை விட்டுக் கிளம்பக்கூடாது.

கரண்ட் போய் வருவதை எந்தக் கையேடும் போதுமான அளவு சொல்வதில்லை. ஃபைபர் பெட்டி, ரவுட்டர், பை மூன்றும் இன்வெர்ட்டர் லைனில் இருக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் மற்ற இரண்டால் பயனில்லை. திடீரென்று அணைந்து எரிவதில் பையின் மெமரி கார்டு கெட்டுப்போகும். அமைப்புக் கோப்பின் நகலுடன் இன்னொரு கார்டை அலமாரியில் வைத்துவிட்டு வருவது நல்லது. ரவுட்டர் மீண்டும் எழும்போது பொது முகவரி மாறியிருக்கலாம். வீட்டின் மாறும் முகவரியைச் சுட்டும் டைனமிக் டிஎன்எஸ் பெயர் ஒன்று அதைப் புதுப்பித்துக்கொள்ளும். ஆனால் வயர்கார்ட் அந்தப் பெயரைத் தொடங்கும்போது ஒருமுறைதான் முகவரியாக மாற்றிக்கொள்கிறது. அதனால் துபாய் போனில் சுரங்கம் இயங்குவதாகவே காட்டும், படம் வராது. கடைசி ஹேண்ட்ஷேக் இரண்டு மணி நேரத்துக்கு முன் என்று நிற்கும். ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். இந்த ஒன்றை மகனுக்குச் சொல்லிக் கொடுத்தால் பாதி அழைப்புகள் குறையும்.

உள்ளே வந்த பிறகும் எல்லாக் கருவிகளும் ஒரே கூடத்தில் இருக்க வேண்டியதில்லை. கேமராக்களை விஎல்ஏஎன் எனப்படும் தனி வலைப் பிரிவில் வைத்து, அவை இணையத்துக்குப் போகாதபடி அடைத்துவிடலாம். சுரங்கம் வழியாகப் பார்ப்பதற்கு அவற்றுக்கு வெளியிணையம் தேவையில்லை, நேரம் சரிபார்க்க ரவுட்டரே போதும். ரவுட்டரின் நிர்வாகப் பக்கம் வெளியிலிருந்து திறக்கக்கூடாது. தொலைவிலிருந்து தீச்சுவர் விதியை மாற்ற நேர்ந்தால், உறுதி செய்யாவிட்டால் சில நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்பும்படி வைத்துவிட்டே மாற்ற வேண்டும்; மைக்ரோடிக் ரவுட்டர்களில் இதற்கென்றே ஒரு பாதுகாப்பு நிலை இருக்கிறது. தன்னையே வெளியே பூட்டிக்கொண்டால், முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வயதான தம்பதியிடம் போனில் ரவுட்டர் பட்டனை அழுத்தச் சொல்ல வேண்டிவரும்.

சோதனையை வீட்டு வைஃபையில் செய்தால் எதுவும் தெரியாது. போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில், தெருமுனைக்கு நடந்து போய்ப் பார்க்க வேண்டும். சுரங்கத்தை இயக்கினால் கேமரா வர வேண்டும். அணைத்தால் எதுவுமே வரக்கூடாது. இரண்டாவதைச் சோதிக்காதவர்களே அதிகம். இணைப்பு வந்தும் படம் பாதியில் உறைந்தால் எம்டியூ எனப்படும் பொட்டலத்தின் உச்ச அளவை 1420-லிருந்து 1280-க்குக் குறைத்துப் பார்க்கலாம்.

ஒப்படைக்கும் நாளில் ஒரு தாள் எழுதப்பட வேண்டும். ரவுட்டரின் கடவுச்சொல், டிவிஆரின் கடவுச்சொல், யாருக்கு எந்தச் சாவி, எதை எப்படி அழிப்பது ஆகியவை அதில் இருக்கும். தாள் வீட்டுக்காரரிடம் போக வேண்டும், நகல் எடுக்கக்கூடாது. பழுது பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று தொழில்நுட்பர் தன் போனில் ஒரு சாவியை வைத்துக்கொள்வது இந்தத் தொழிலில் சாதாரணமாகிவிட்டது. பத்து வருடம் கழித்து அந்த ஒரு போனில் நூறு வீடுகளின் படுக்கையறைகள் இருக்கும். வேலை முடிந்ததும் வீட்டுக்காரர் பார்க்க, அந்தக் கடைசிச் சாவியையும் பட்டியலிலிருந்து அழித்துக் காட்டிவிட்டுக் கிளம்ப வேண்டும். மறுபடி கூப்பிட்டால் புதுச் சாவி உருவாக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.