சிகரெட்டை விட வீட்டார் எப்படி உதவலாம்?

கேள்வி: எனக்கு 52 வயது. 28 வருடமாகத் தினம் ஒரு பாக்கெட் சிகரெட். பலமுறை நிறுத்தியும் நாலைந்து நாளில் மறுபடி தொற்றிக்கொள்கிறது. இப்போது மனைவியும் மகளும் துணை நிற்பதாகச் சொல்கிறார்கள். இந்த வயதில் விட்டுப் பயன் உண்டா?
– வாசகர், ஈரோடு

பதில்: நிச்சயம் உண்டு. விட்ட ஒரே ஆண்டில், சிகரெட்டால் கூடிய மாரடைப்பு அபாயம் ஏறக்குறையப் பாதியாகக் குறையும்.

நாலாவது நாள் சறுக்குவதில் வியப்பில்லை. நிகோடின் கிடைக்காத உடம்பு முதல் 3 நாள்தான் அதிகம் முரண்டு பிடிக்கும். தூக்கம் கெடும்; தொட்டதற்கெல்லாம் கோபம் வரும். 2 முதல் 4 வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். இதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

சட்டையை மோந்து பார்ப்பது துணையல்ல, போலீஸ் வேலை. சாப்பிட்டதும் கை தீப்பெட்டியைத் தேடும்போது, "வாங்கப்பா, ஒரு நடை போயிட்டு வரலாம்" என்று மகள் கூப்பிடுவதுதான் துணை. ஆசை எழுந்து அடங்கச் சில நிமிடம் போதும். டீக்கடை நண்பர்களிடமும், "எனக்கு நீட்டாதீங்க" என்று சொல்லிவிடுங்கள்.

தினம் ஒரு பாக்கெட் என்றால் மனவுறுதி மட்டும் போதாமல் போகலாம். நிகோடின் சூயிங்கம், மாத்திரை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். சூயிங்கத்தை மெல்ல மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்க வேண்டும். 1800-11-2356 என்ற இலவச எண்ணில் தமிழிலும் ஆலோசனை பெறலாம். சிகரெட் பாக்கெட்டிலேயே அந்த எண் இருக்கிறது.

இடையில் ஒன்று பிடித்துவிட்டால், 'எல்லாம் போச்சு' என்று பாக்கெட் வாங்கிவிடாதீர்கள். வீட்டில் மறைக்காமல் சொல்லிவிட்டு, அன்றைக்கே தொடருங்கள்.