ஒளி வரையும் ஓவியங்கள்



காலைத் திருப்பலி வேளையில், ஆலயத்தின் வண்ணச் சாளரத்தின் வழியே கதிரவனின் ஒளி நுழைந்து, தரையில் சிவப்பும் நீலமுமாய்ப் படர்வது எத்துணை அழகு! கண்ணாடியின் மேல் யாரோ வர்ணம் பூசியிருக்கிறார்கள் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. வண்ணம் கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறது. கண்ணாடியை உருக்கும்போது கோபால்ட் என்ற உலோகத்தின் சேர்மத்தைக் கலந்தால் நீலம் கிடைக்கும். செம்பினால் சிவப்பும் பச்சையும் பெறலாம்.

இத்தகைய சாளரம் எவ்வாறு உருவாகிறது? முதலில் சாளரத்தின் முழு அளவில் படம் வரையப்படும். அதன்படி வண்ணக் கண்ணாடிகளைத் துண்டு துண்டாக வெட்டுவர். கண், விரல், ஆடை மடிப்பு ஆகியவற்றை, இரும்பு ஆக்சைடும் கண்ணாடித் தூளும் கலந்த கருமையான மையால் தீட்டிச் சூளையில் சுடுவர். சுமார் 600 டிகிரி வெப்பத்திற்கு மேல் அந்த மை கண்ணாடியோடு ஒன்றிவிடும்; பிறகு மழையும் அதை அழிக்காது. கண்ணாடியின் பின்புறம் வெள்ளிச் சேர்மத்தைத் தடவிச் சுட்டால் பொன்மஞ்சள் நிறம் தோன்றும். இறுதியில் துண்டுகளை ஈயப் பட்டைகளால் இணைத்துப் பற்றவைத்தால் சாளரம் ஆயத்தமாகிவிடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இந்தக் கலை பெரிய தொழிற்சாலைகளின் கைக்குப் போயிற்று. வரைபவர் ஒருவர், வெட்டுபவர் வேறொருவர், தீட்டுபவர் மற்றொருவர். படம் வரைந்தவர் கண்ணாடியைத் தொடுவதே இல்லை! இதனால் பல சாளரங்கள் உயிரற்றுப் போயின. "வரைகிறவரே கண்ணாடியையும் கையாள வேண்டும்" என்ற கொள்கையைக் கற்பித்தவர் கிறிஸ்டோபர் வால் (1849-1924). தம் அனுபவத்தை 1905-இல் நூலாகவும் வெளியிட்டார். குளோஸ்டர் பேராலயத்தின் அன்னை மரியாள் சிற்றாலயத்தில் அவருடைய சாளரங்களை இன்றும் காணலாம்.

ஆனால், பெண்கள் இக்கொள்கையைக் கடைப்பிடிப்பது எங்ஙனம்? அவர்கள் வீட்டிலிருந்து படம் வரைந்து அனுப்பலாம். சூளையும் ஈயமும் உள்ள பட்டறைகள் அவர்களுக்கு எளிதில் திறக்கவில்லை. இக்குறையைப் போக்க முன்வந்தவர் மேரி லவுண்ட்ஸ் என்னும் ஓவியர். அவரும் ஆல்ஃபிரட் ட்ரூரி என்ற கைவினைஞரும் 1897-இல் கூட்டு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினர். 1906-இல் இலண்டனின் ஃபுல்ஹாம் பகுதியில் 'கண்ணாடி இல்லம்' என்னும் பட்டறையைக் கட்டினர். தனித்து உழைக்கும் கலைஞர்கள் அங்கே இடமும் சூளையும் தேர்ந்த வேலையாட்களின் துணையும் பெற்றனர். ஆணும் பெண்ணும் சமமாக அங்குப் பணியாற்றினர். பெண்களுக்கு வாக்குரிமை கோரிய ஊர்வலங்களுக்குக் கொடிகளை வடிவமைத்தவரும் இதே மேரி லவுண்ட்ஸ்தான்!

அந்தப் பட்டறையில் பணி செய்தவர்களுள் ஒருவர் மார்கரெட் ஆக்னஸ் ரோப். 1882-இல் ஷ்ரூஸ்பெரி நகரில் மருத்துவர் ஒருவரின் மகளாகப் பிறந்தார். தந்தை இறந்த பின், தாயுடன் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். பர்மிங்ஹாம் கலைப் பள்ளியில் ஹென்றி பெய்னிடம் இக்கலையைக் கற்றார். முப்பது வயது நிரம்பும் முன்பே ஷ்ரூஸ்பெரி கத்தோலிக்கப் பேராலயத்தின் பெரிய மேற்குச் சாளரத்தை 1910-இல் படைத்தார். மறைசாட்சியரின் உருவங்கள் அதில் ஒளிர்கின்றன. அப்பேராலயத்தில் அவர் படைத்த சாளரங்கள் ஏழு.

புகழ் வளர்ந்துகொண்டிருந்த வேளையில், 1923-இல், உட்பிரிட்ஜ் நகரின் கார்மேல் மடத்தில் அவர் துறவியானார். அடைபட்ட மடம், வெளியே வர இயலாது. அத்துடன் கலை முடிந்துவிட்டதா? இல்லை! மடத்துச் சுவர்களுக்குள்ளேயே வரைந்தார், தீட்டினார். அவர் தீட்டிய கண்ணாடிகள் இலண்டன் பட்டறையில் சுடப்பட்டுச் சாளரங்களாயின. 1953-இல் அவர் இறைவனடி சேர்ந்தார். தாம் செய்த சாளரங்கள் சிலவற்றை அவை பொருத்தப்பட்ட இடத்தில் அவர் பார்த்ததே இல்லை. எனினும் அவற்றின் வழியே ஒளி இன்றும் நுழைகிறது.

தோழியரே, எண்ணுவதோடு நின்றுவிடாமல் கையாலும் செய்து பழக வேண்டும் என்பது வால் கற்பித்த பாடம். கதவு மூடியிருந்தால், நமக்கும் நம்முடன் வருவோர்க்கும் அதைத் திறக்க வேண்டும் என்பது லவுண்ட்ஸ் கற்பித்த பாடம். இறைவன் தந்த திறமையை எந்த நிலையிலும் கைவிடலாகாது என்பது ரோப் சகோதரியின் வாழ்வு கூறும் பாடம். அடுத்த முறை வண்ணச் சாளரத்தைக் காணும்போது, சற்று நின்று, அந்தக் கைகளையும் நினைப்போமாக!