லார்போர்டு: வழக்கொழிந்த ஒரு கடற்சொல்

சொற்கள் வழக்கொழிதற்குக் காரணம் பல. பொருள் மறையச் சொல்லும் மறைவதுண்டு. புதுச்சொல் வந்து பழஞ்சொல்லைத் தள்ளுவதுமுண்டு. ஆனால், ஓசை அழகே ஒரு சொல்லுக்குக் கேடாய் முடிந்தது என்றாற் பலர் வியப்பர். ஆங்கில மாலுமிகள் கப்பலின் இடப்பக்கத்துக்கு வழங்கிய ‘லார்போர்டு’ என்னுஞ் சொல் அத்தகையது. அதன் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவாம்.

இதனை அறிதற்கு முதலில் வலப்பக்கத்தின் பெயரை அறிதல் வேண்டும். பண்டை வடஐரோப்பியக் கலங்களிற் சுக்கான் பின்புறத்து நடுவிலே அமைந்ததன்று. பின்பகுதியின் வலப்பக்கத்திற் பிணித்த பெருந்துடுப்பொன்றே சுக்கானாய் உதவிற்று. நோர்வே நாட்டில் 1904ஆம் ஆண்டு அகழ்ந்தெடுக்கப்பட்ட ஒசெபேர்க்குக் கலம் இதற்குச் சான்று. பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்டேயோர்’ என்பது கலஞ் செலுத்துதலையும், ‘போர்டு’ என்பது கலத்தின் பக்கத்தையுங் குறித்தன. எனவே, ‘ஸ்டார்போர்டு’ என்பது செலுத்தும் பக்கம் எனப் பொருள்பட்டு, வலப்பக்கத்துக்குப் பெயராயிற்று. விண்மீனைக் குறிக்கும் ‘ஸ்டார்’ என்னுஞ் சொல்லுக்கும் இதற்கும் யாதொரு தொடர்புமில்லை.

வலப்பக்கத்தைத் துறையில் அணைத்தாற் சுக்கான் துடுப்பு நெரிந்துபோகும். ஆதலின், இடப்பக்கத்தையே அணைத்துச் சரக்கேற்றினர். அதனால் அப்பக்கம் சரக்கேற்றும் பக்கம் என்னும் பொருளில் ‘லேட்போர்டு’ எனப்பட்டது என்பர். இச்சொல் ‘ஸ்டார்போர்டு’ என்பதனோடு ஓசை ஒத்துநிற்கும்படி 16ஆம் நூற்றாண்டளவில் ‘லார்போர்டு’ என மருவிற்று. இரண்டும் செவிக்கினிய இணையாயின.

அவ்வினிமையே இடராயிற்று. புயற்காற்றிலே, பாய்கள் படபடக்க, அலைகள் மோதும் இரவிலே தலைவன் கூவும் கட்டளையின் முதலசை காற்றோடு போய்விடும். ‘போர்டு’ என்னும் ஈறு மட்டுமே செவியில் விழும். வலமோ இடமோ என மாலுமி மயங்குங் கணத்திற் கப்பல் பாறையில் மோதவுங் கூடும். ஆதலாற் பிரித்தானியக் கடற்படை 1844ஆம் ஆண்டில் ‘லார்போர்டு’ என்பதனை விலக்கி, துறைமுகத்தைக் குறிக்கும் ‘போர்ட்’ என்னுஞ் சொல்லையே இடப்பக்கத்துக்கு வழங்குமாறு கட்டளையிட்டது. அமெரிக்கக் கடற்படை 1846இல் அவ்வழிச் சென்றது. ‘போர்ட்’ அன்று புதிதாய்ப் படைத்த சொல்லன்று; 17ஆம் நூற்றாண்டு முதலே சுக்கான் கட்டளைகளில் வழங்கியதாகும்.

சொல் திருந்தியும் மயக்கம் முற்றாக நீங்கவில்லை. அக்காலக் கட்டளைகள் சுக்கான்தண்டு செல்லும் பக்கத்தையே சுட்டின. கப்பலோ அதற்கு எதிர்ப்பக்கந் திரும்பும். 1912ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் இரவு, பனிமலையைக் கண்டவுடன் ‘டைற்றானிக்’ கப்பலில் ‘ஸ்டார்போர்டு’ எனக் கட்டளை பிறந்தது. கப்பல் இடப்பக்கந் திரும்பிற்று. அது பிழையன்று, அன்றைய மரபே. இம்மரபும் பிரித்தானியாவில் 1933இல் மாற்றப்பட்டது. அதன்பின் சொல்லிய பக்கமும் திரும்பும் பக்கமும் ஒன்றாயின.

இவ்வரலாறு தமிழாசிரியராகிய எமக்கும் ஒரு பாடமாகும். விஞ்ஞான வகுப்பிலே ‘குவிவுவில்லை’, ‘குழிவுவில்லை’ என இரு கலைச்சொற்கள் வழங்குகின்றன. ஏட்டிலே அவை செம்மையானவை, பொருட்பொருத்தமும் உடையன. ஆயினும், வகுப்பின் கடைசி வாங்கிலிருக்கும் மாணவன் செவியில் ஓரெழுத்தே அவற்றைப் பிரிக்கின்றது; பொருளோ நேர்மாறு. அவன் மாறி எழுதினால் அவனது கவனக்குறைவையே நாம் கடிந்துகொள்கின்றோம். சொல்லின் குறையை எண்ணுவதில்லை.

கலைச்சொல் ஆக்குவோர் இலக்கணத்தோடும் பொருளோடும் அமையாது, அச்சொல்லை உரக்கச் சொல்லியும் பார்த்தல் வேண்டும். எமது கல்லூரியிற் பயின்ற வைத்தியரும் பொறியியலாளரும் ஆசிரியரும் இப்பணிக்குப் பெரிதும் உரியர். ஏட்டில் அழகாயிருத்தல் சொல்லுக்குப் பாதிச் சிறப்பே. இடர்வந்த வேளையில் ஐயமறக் கேட்கப்படுதலே அதன் முழுச்சிறப்பு என்க.