நிழலை வெட்டி பீன்ஸ் நடலாமா?

கேள்வி: வறுக்காத காபிக் கொட்டையைக் கடையில் வாங்கி விதைத்தேன். இரண்டு மாதமாகியும் முளைக்கவில்லையே? (ஏற்காடு வாசகர்)

பதில்: முளைக்காது. காபி விதையின் முளைப்புத்திறன் சில மாதங்களிலேயே போய்விடும். கடைக் கொட்டை எந்த வருடத்து அறுவடையோ, யார் கண்டது? இந்தப் பருவத்துப் பழத்திலிருந்து எடுத்து நிழலில் உலர்த்திய, தோடு நீக்காத விதையாக வாங்குங்கள். மிச்சத்தை வறுத்து அரைத்துக் குடித்துவிடுங்கள்.

கேள்வி: தாண்டிக்குடி பக்கம் மூன்று ஏக்கரில் அராபிகா வைத்திருக்கிறேன். நிழல் மரங்களில் பாதியை வெட்டிவிட்டு, வரிசைகளுக்கு நடுவே பீன்ஸ் போடச் சொல்கிறார்கள். பீன்ஸ் பயறுவகை என்பதால் காபிக்கும் தழைச்சத்து கிடைக்குமாம். செய்யலாமா?

பதில்: வெட்டவே வெட்டாதீர்கள். யோசனை சொன்னவர்கள் பீன்ஸ் கணக்கைப் போட்டார்கள், வண்டுக் கணக்கைப் போடவில்லை. நம் மலைகளில் அராபிகாவின் முதல் எதிரி வெள்ளைத் தண்டுத் துளைப்பான். அதன் வண்டு ஏப்ரல், மே மாதங்களிலும், மறுபடி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் பறக்கும். வெயில் விழும் தண்டாகத் தேடிப் பட்டை வெடிப்பில் முட்டையிடும். நிழலில் நிற்கும் தண்டை அவ்வளவாக நாடாது. புழு உள்ளே குடைந்துவிட்டால் எந்த மருந்தும் அதை எட்டாது. தண்டில் மேடுமேடாகப் புடைத்து, இலை மஞ்சளித்துத் தொங்கினால், அந்தச் செடியைப் பிடுங்கி எரிப்பதுதான் வழி. அதையும் அடுத்த வண்டு கிளம்புவதற்கு முன், மார்ச்சிலும் செப்டம்பரிலும் செய்ய வேண்டும். பீன்ஸ் இரண்டு மாதத்தில் காசு கொடுத்துவிடும். செடி சாவதோ அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோதான். அதனால் இரண்டையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. பழி மழைமேலோ உரக்கடைமேலோ விழுகிறது. முள்முருங்கையில் முடிச்சுக் குளவி வந்து பல தோட்டங்களில் கீழ்நிழல் ஏற்கெனவே மெலிந்து கிடக்கிறது. இருப்பதையும் வெட்டச் சொல்பவர் மறுநடவுச் செலவுக்குப் பங்கு தருவாரா என்று கேட்டுப் பாருங்கள்.

தழைச்சத்து விஷயத்துக்கு வருவோம். பயறு என்றாலே மண்ணை வளப்படுத்தும் என்பது அரைகுறைப் பாடம். பயறுவகைகளில் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிப்பதில் மிகவும் சோம்பேறி இந்த பீன்ஸ்தான். சந்தேகமிருந்தால் பூக்கும் சமயத்தில் ஒரு தட்டைப்பயறுச் செடியையும் ஒரு பீன்ஸ் செடியையும் மண்ணோடு தோண்டி, வேரை அலசிப் பாருங்கள். தட்டைப்பயற்றில் முடிச்சுகள் கொத்துக் கொத்தாக இருக்கும். பீன்ஸில் பெரும்பாலும் அங்கொன்றும் இங்கொன்றும்தான். முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் அது வேலை செய்யவில்லை. சேர்கிற கொஞ்சமும் காயோடு சந்தைக்குப் போய்விடும். அதனால்தான் பீன்ஸ் போடுகிறவர்களே அதற்குத் தனியாக உரம் வைக்கிறார்கள். உண்மையில் தழைச்சத்து தரும் பயறுக் குடும்பத்து மரம் உங்கள் தோட்டத்திலேயே நிற்கிறது, இலையையும் உதிர்க்கிறது: முள்முருங்கை. அதை வெட்டிவிட்டு பீன்ஸ் நடுவதற்குத் தழைச்சத்தைக் காரணம் காட்டினால் நான் என்ன சொல்ல!

மரத்தை வெட்டாமல் நிழலிலேயே பீன்ஸ் போட்டால் என்ன என்று அடுத்து கேட்பீர்கள். கொடி நீளும், பூ உதிரும், இலையில் துரு ஏறும், காய் இருக்காது. அதற்காக மண்ணைக் கொத்தும்போது காபியின் உறிஞ்சு வேர்களும் அறுபடும். அவை பெரும்பாலும் மேல்மண் ஓரடிக்குள்தான் பரவியிருக்கின்றன. பிரேசிலில் வெட்டவெளியில்தானே காபி விளைகிறது என்ற வாதமும் வரும். விளைகிறது. ஆனால் இந்தத் தண்டுத் துளைப்பான் ஆசிய வண்டு, பிரேசிலில் இல்லை. அங்கே கொட்டும் உரத்தின் அளவும் வேறு.

பணத் தேவையை நான் மறுக்கவில்லை. காபி வருடத்துக்கு ஒருமுறைதான் காசு தரும், வீட்டுச் செலவோ மாதா மாதம் வரும். ஆகவே பீன்ஸுக்கு உரிய இடத்தைக் கொடுங்கள். புதிதாகக் காபி நட்ட இடத்தில் முதல் இரண்டு மூன்று வருடம் வரிசைகளுக்கு நடுவே நிலம் சும்மாதான் கிடக்கும். அங்கே குத்துச் செடி பீன்ஸ் போடலாம். கொடி பீன்ஸ் வேண்டாம், காபி நாற்றின்மேல் ஏறும். நாற்றைச் சுற்றி ஒன்றரை அடி விட்டு, சரிவுக்குக் குறுக்கே வரிசை பிடியுங்கள். மேலிருந்து கீழாகப் பிடித்தால் முதல் கனமழைக்கே மேல்மண் ஓடைக்குப் போய்விடும். அந்த இளங்கன்றுகளுக்கும் தற்காலிக நிழலாக வாழையோ வேறெதுவோ நிற்கட்டும். கொடி பீன்ஸுக்கு ஆசையென்றால் காபி இல்லாத துண்டு நிலத்தில் கொம்பு ஊன்றி ஏற்றுங்கள். வளர்ந்த தோட்டத்தில் ஊடுபயிர்க் காசு வேண்டுமா? சில்வர் ஓக்கில் மிளகு ஏற்றுங்கள். அது மரத்தை வெட்டச் சொல்லாது.

கேள்வி: ஆள்கூலி கட்டுப்படியாகவில்லை. பச்சையும் பழமுமாக ஒரே தடவையில் உருவிவிட்டால் என்ன? (பெரும்பாறை வாசகர்)

பதில்: கூலி மிச்சமாகும், விலை போய்விடும். பூப்பு மழை இரண்டு மூன்று தவணையாக வந்தால் பழமும் அப்படித்தான் வரும். பச்சைக் காய் பல்பரில் சரியாகத் தோல் உரியாது. அந்தக் கொட்டை கோப்பையில் கசக்கும். பழத்தைப் பறித்து அன்றைக்கே பல்பரில் விடுங்கள், காய் முற்றக் காத்திருங்கள். கடைசிப் பறிப்பில் மட்டும் மிச்சமின்றி உருவி, பச்சையைத் தனியே உலர்த்துங்கள். கீழே உதிர்ந்ததையும் பொறுக்கிவிடுங்கள். 1990-இல் கூடலூர் பக்கம் முதன்முதலாகக் கண்ட காய்த் துளைப்பான், இன்றைக்கும் அடுத்த பருவம் வரை பிழைத்திருப்பது விட்டுப்போன அந்தக் காய்களில்தான்.

கேள்வி: பீன்ஸ் விதையை நானே எடுத்து வைக்கலாமா?

பதில்: கலப்பின விதையாக இல்லாவிட்டால் தாராளமாக வைக்கலாம், பீன்ஸ் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பது. காயில் குழிந்த கரும்புள்ளி விழுந்த செடியை மட்டும் விட்டுவிடுங்கள். அந்த நோய் விதையோடு வரும்.

கேள்வி: பல்பரில் விழும் காபிப் பழத்தோலை பீன்ஸ் பாத்திக்குப் போடலாமா?

பதில்: சாணத்தோடு சேர்த்து மக்கவைத்தபின் போடலாம். பச்சையாகக் கொட்டினால் சூடேறி வேர் வெந்துவிடும்.