நெல்லையிலிருந்து வடதுருவத் தீவுக்கு

ஸ்வால்பார்டுக்குக் கப்பல் பயணமா? முதலில் விசா. தீவுகள் நார்வேயுடையவை, ஆனால் ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருக்கின்றன. ஒருமுறை நுழையும் விசாவோடு போனால் திரும்பும்போது ஆஸ்லோவில் சிக்கல்; பலமுறை நுழையும் விசாவே கேளுங்கள்.

ஜூலையிலும் 5 டிகிரியை ஒட்டித்தான் வெப்பம். நம்மூர் வெயிலுக்கு உகந்த பருத்தி பனியன் அங்கே ஆகாது. நனைந்தால் லேசில் காயாது, உடம்புச் சூட்டையும் இழுத்துவிடும். உள்ளே கம்பளி, மேலே தண்ணீர் புகாத ஜாக்கெட்.

தாமிரபரணிக் கரையில் நடந்த ஷூவை அப்படியே எடுத்துப் போகாதீர்கள். அடியில் அப்பிய மண், நாடாவில் சிக்கிய நெருஞ்சி முள், பை மூலையில் கிடக்கும் விதை எல்லாவற்றையும் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தெடுங்கள். அந்நிய விதை அங்கே வேர்விடக் கூடாது. கரையிறங்கும் முன் கப்பலிலும் சோதிப்பார்கள்.

2008 முதல் நம் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இருக்கும் நீ-ஓலசுண்டில் வைஃபை, புளூடூத் கூடாது, அளவீடுகள் கெடும். செல்ஃபி எடுக்கலாம், அனுப்புவது பிறகுதான்.

பனிக்கரடியிடமிருந்து 300 மீட்டர், மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர் விலகி நிற்பது 2025 முதல் சட்டம். பைனாகுலர் இல்லாமல் போவது வீண்செலவு.