பொலிகாளைக்கும் நிழல் வேணும்

பசு சினை பிடிக்கலைன்னா பசுவைத்தான் குறை சொல்கிறோம். நானும் அப்படித்தான் ஒரு நல்ல பசுவை விற்றேன். மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய நிலம், மரமில்லை. கத்திரி வெயிலில் பொலிகாளை வெட்டவெளியில் நின்றது.

விதை ஏன் வெளியே தொங்குகிறது? விந்தணு உருவாக, உடல் சூட்டைவிட 4, 5 டிகிரி குறைவாக இருக்கணும். குளிரில் விதைப்பை சுருங்கி மேலேறும். வெயிலில் தளர்ந்து இறங்கும். கடும் வெயிலுக்கு இது போதாது.

காளைக்கு விந்தணு உருவாக சுமார் 61 நாள். விதையை ஒட்டிய சுருள்குழலில் முதிர மேலும் பத்து நாள். ஆக, சித்திரை வெயிலின் பாதிப்பு ஆடியிலும் தெரியும்.

இரண்டு விதையும் ஏறத்தாழ ஒரே அளவா, வீக்கமில்லாமல் இருக்கான்னு பாருங்க. பனையோலைக் கொட்டகை போடுங்க. பசுவை விற்கும் முன் காளையைப் பாருங்க.