குனியப் பயப்படாதீர்கள்

சிகிச்சை அறைக்குள் வந்தபோது அந்த அம்மாவின் ஒரு கை சுவரைப் பிடித்திருந்தது. இன்னொரு கையில் ஸ்கேன் படம் வைத்த பெரிய உறை. சேலைக்கு மேல் இறுக்கிக் கட்டிய பெல்ட். நாற்காலியில் உட்கார்ந்து முடிக்கவே அரை நிமிடம் ஆனது. “ஜவ்வு விலகிடுச்சாம் தம்பி. இனிமே குனியவே கூடாதுன்னுட்டாங்க. வாசல்ல கோலம் போட்டு எட்டு மாசம் ஆச்சு” என்றார். சொல்லி முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது.

வலியைவிடப் பயம்தான் அவரை அதிகம் முடக்கியிருந்தது. பிசியோதெரபிஸ்ட்டாக நான் தினமும் பார்ப்பது இதைத்தான். பன்னிரண்டு வாரங்களைத் தாண்டி நீடிக்கும் இடுப்பு வலியை நாள்பட்ட வலி என்கிறோம். 2020-ல் உலகம் முழுக்க 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாகக் கணக்கு. 2050-ல் இது 84.3 கோடியாகும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு எலும்பு முறிவு, கட்டி, கிருமித்தொற்று போன்ற தனிக் காரணம் எதுவும் இருப்பதில்லை. இவர்களை அறுவை சிகிச்சை இல்லாமல் எப்படிக் கவனிப்பது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. அதில் இருப்பதும் நம் தெருவில் புழங்குவதும் பல இடங்களில் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன.

நம்பிக்கை 1: பெட் ரெஸ்ட் எடுத்தால்தான் முதுகு ஆறும்.

உண்மை: 1986-ல் அமெரிக்காவில் 203 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினரை இரண்டு நாள் படுக்கச் சொன்னார்கள், மற்றவர்களை ஏழு நாள். இரண்டு நாள் ஓய்வு சொல்லப்பட்டவர்கள் வேலைக்குப் போகாமல் இருந்த நாட்கள் 45 சதவீதம் குறைவு. அதிக நாள் படுத்தவர்களுக்குக் கூடுதலாக எந்த நன்மையும் கிடைக்கவில்லை. திடீரென்று பிடித்துக்கொண்ட வலிக்கே இப்படி என்றால், மாதக்கணக்கான வலிக்குப் படுக்கை கெடுதலே செய்யும். படுக்கப் படுக்க முதுகுத் தசையும் தொடைத் தசையும் வலுவிழக்கும். அதன் பிறகு குளியலறை வரை நடப்பதே பெரிய வேலையாகத் தோன்றும். வலி மிகும்போது சிறிது நேரம் சாய்ந்துகொள்ளலாம். நாள் முழுக்கக் கிடக்கக் கூடாது.

நம்பிக்கை 2: ஸ்கேனில் ஜவ்வு விலகல் வந்துவிட்டது, இனி ஆபரேஷன்தான்.

உண்மை: முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்த ஆய்வு 2015-ல் வெளியானது. இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு ஜவ்வு எனப்படும் டிஸ்க்கில் தேய்மானமும் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் வீக்கமும் காணப்பட்டன. எண்பது வயதில் தேய்மானம் 96 சதவீதம். தலையில் நரை விழுவதுபோல டிஸ்க்கிலும் வயது விழுகிறது. அறிக்கையில் உள்ள அந்த வரிதான் உங்கள் வலிக்குக் காரணம் என்று படத்தை மட்டும் பார்த்து முடிவுகட்ட முடியாது.

டிஸ்க் தன் இடத்தைவிட்டு வழுக்கிப் போவதும் இல்லை. அது மேலும் கீழும் உள்ள முள்ளெலும்புகளோடு கெட்டியாகப் பிணைந்திருக்கிறது. உள்ளே இருக்கும் கூழ் போன்ற பகுதி வெளியே பிதுங்குகிறது, அவ்வளவுதான். பிதுங்கிய பகுதியை உடலே சில மாதங்களில் கரைத்துச் சுருக்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது. டிஸ்க் நரம்பை அழுத்திக் காலில் கடும் வலி இருந்த 283 பேரை நெதர்லாந்தில் ஆராய்ந்தார்கள். 2007-ல் வந்த முடிவு இது: சீக்கிரம் அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி விரைவில் குறைந்தது. ஆனால் ஓராண்டு முடிவில், காத்திருந்த பிரிவிலும் சரி, அறுவை செய்துகொண்ட பிரிவிலும் சரி, 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேருக்குப் பின்னர் அறுவை தேவைப்பட்டது என்பதும் உண்மை. அறுவை சிகிச்சைக்கு அதற்குரிய இடம் உண்டு. ஸ்கேன் உறையைப் பிரித்த உடனே அந்த இடம் வந்துவிடுவதில்லை.

நம்பிக்கை 3: பெல்ட்டும் கரண்ட்டும் இழுவையும்தான் சிகிச்சை.

உண்மை: நாள்பட்ட சாதாரண இடுப்பு வலிக்கு வழக்கமாகத் தர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னவற்றில் இடுப்பு பெல்ட், எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷன், தோலில் பட்டை ஒட்டித் தரும் மின்தூண்டல், அல்ட்ராசவுண்ட் ஒத்தடம் ஆகியவை இருக்கின்றன. என் தொழிலைச் சேர்ந்த கருவிகளைப் பற்றித்தான் சொல்கிறேன். பத்து நாள் கரண்ட் வைத்து அனுப்பிவிட்டு, ஒரு பயிற்சிகூடக் கற்றுத் தராவிட்டால் அது முழுமையான பிசியோதெரபி ஆகாது. நோயாளிகள் இதைக் கேட்டுப் பெற வேண்டும்: “வீட்டில் நான் என்ன செய்யணும்? எத்தனை தடவை? எப்போது கூட்டணும்?”

நம்பிக்கை 4: வலியோடு உடற்பயிற்சி செய்தால் இன்னும் கெட்டுவிடும்.

உண்மை: வலிப்பதும் பழுதாவதும் ஒன்றல்ல. திருடன் வந்த அன்று குரைத்த நாய், அதன் பிறகு சருகு விழுந்தாலும் குரைப்பதுண்டு. நாள்பட்ட வலியில் நரம்பு மண்டலம் அப்படித்தான் நடந்துகொள்கிறது. அந்த நாயைப் பழக்குவது போல, பயப்படும் அசைவுகளைச் சிறிது சிறிதாக உடலுக்குத் திரும்பப் பழக்க வேண்டும்.

அந்த அம்மாவுக்கு முதலில் கால் வலு, மரமரப்பு, உணர்ச்சி எல்லாவற்றையும் சோதித்தேன். ஆபத்தான அறிகுறி எதுவும் இல்லை. முதல் வாரம் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, ஒரு வேளைக்கு ஆறு முறை. காலையும் மாலையும் ஐந்து நிமிட நடை. அடுத்து, மேசையைப் பிடித்துக்கொண்டு இடுப்பைப் பின்தள்ளிக் குனிவது. பிறகு கால் குடம் தண்ணீரைத் தூக்குவது, அரைக் குடம், முழுக் குடம். நான்காவது வாரம் பெல்ட் பீரோவுக்குள் போனது. “கொஞ்சம் வலிக்குதே” என்று கேட்டார். லேசாக வலித்து, மறுநாளைக்குள் அடங்கினால் பயமில்லை. மறுநாளும் தூக்கலாக இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும், நிறுத்திவிடக் கூடாது.

விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். 2017-ல் பாஸ்டனில் 320 பேரிடம் நடந்த ஆய்வில், பன்னிரண்டு வார யோகா வகுப்பு பிசியோதெரபிக்குச் சளைக்காத பலன் தந்தது. 2024-ல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில், இடுப்பு வலி வந்து தேறிய 701 பேர் கலந்துகொண்டார்கள். நடைப்பயிற்சித் திட்டத்தைப் பின்பற்றியவர்களுக்கு வலி திரும்ப வர 208 நாட்கள் ஆனது, பின்பற்றாதவர்களுக்கு 112. வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம் என்ற அளவை ஆறு மாதத்துக்குள் படிப்படியாக எட்டுவதுதான் அவர்களுக்கு வைத்த இலக்கு. அந்தப் பொறுமை நமக்கும் வேண்டும்.

நம்பிக்கை 5: கட்டாந்தரையில் படுத்தால் முதுகு நேராகும்.

உண்மை: நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரை ஸ்பெயினில் ஆராய்ந்தபோது, மிகக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையே வலியை அதிகம் குறைத்தது. பாயில் படுத்து உங்களுக்கு நல்ல தூக்கம் வருகிறதென்றால் தாராளமாகப் படுங்கள். வலிக்கு மருந்தென்று நினைத்துப் பலகையில் படுத்து இராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். தூக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடும்.

நம்பிக்கை 6: சிசேரியனுக்கு முதுகில் போட்ட ஊசிதான் காரணம்.

உண்மை: ஊசி குத்திய இடத்தில் சில நாள் வலிக்கலாம். அதுவே ஆயுசுக்கும் இடுப்பு வலியாக நிற்பதில்லை. பிரசவ வலி தெரியாமல் இருக்க முதுகில் ஊசி போட்ட பெண்களையும் போடாத பெண்களையும் பிரிட்டனில் ஒப்பிட்டு 2002-ல் முடிவு வெளியிட்டார்கள். நீண்டகால முதுகு வலியில் இரு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. கர்ப்பத்தில் தளர்ந்த வயிற்றுத் தசை, குழந்தையைத் தூக்கித் தூக்கிச் சோர்ந்த உடல், துண்டு துண்டான தூக்கம் என்று கவனிக்க வேண்டியவை வேறு இருக்கின்றன. ஊசி மேல் பழியைப் போட்டுவிட்டு, பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஓய்வும் பயிற்சியும் கிடைக்கச் செய்யாமல் விடுவது அநியாயம்.

நம்பிக்கை 7: மாத்திரை போட்டால் போதும்.

உண்மை: சில வலி மாத்திரைகள் குறுகிய காலத்துக்கு உதவும், பயிற்சியைத் தொடங்கத் தெம்பு தரும். ஆனால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண், சிறுநீரகப் பாதிப்பு, இரத்த அழுத்தம் என்று வேறு நோய்கள் வந்து சேரும். சர்க்கரை நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. அபின் வகையைச் சேர்ந்த வலிநிவாரணிகளை நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை.

நம்பிக்கை 8: மனநல ஆலோசனைக்குப் போகச் சொன்னால், வலி பொய் என்று அர்த்தம்.

உண்மை: வலி நிஜம். கவலை, கடன் நெருக்கடி, தூக்கமின்மை ஆகியவை அந்த நிஜமான வலியைக் கூட்டுகின்றன. வலி பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றக் கற்றுத்தரும் உளவியல் சிகிச்சையையும் உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டுதலில் சேர்த்திருக்கிறது.

எப்போது உடனே ஓட வேண்டும்?

இடுப்பு வலியோடு சிறுநீரோ மலமோ அடக்க முடியாமல் போவது அல்லது சிறுநீர் பிரியாமல் போவது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, கால் வலுவிழந்துகொண்டே வருவது ஆகியவை அவசரம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். தொடர் காய்ச்சல், எடை குறைதல், இரவில் வியர்த்தல், முன்பு புற்றுநோய் இருந்தது, கீழே விழுந்தது என்றாலும் தாமதிக்காதீர்கள். முதுகெலும்பில் காசநோய் வருவது நம் நாட்டில் அரிதல்ல, அதற்கு அரசு மருத்துவமனையில் இலவச மருந்து உண்டு. நாற்பத்தைந்து வயதுக்கு முன்பே தொடங்கி, காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு விறைத்து, நடமாடினால் தளரும் வலி என்றால் மூட்டு வாத மருத்துவரைப் பாருங்கள்.

மற்றவர்களுக்குப் பக்கத்திலேயே உதவி இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் பிசியோதெரபிப் பிரிவு இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், தேவைப்படுவோருக்கு வீட்டுக்கே வந்தும் பிசியோதெரபி தருகிறார்கள்.

அந்த அம்மாவுக்கு வலி முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் பன்னிரண்டாவது வாரம் வந்தபோது சுவரைப் பிடிக்காமல் நடந்து வந்தார். விரல் நுனியில் கோலமாவு ஒட்டியிருந்தது. உங்கள் வீட்டிலும் இப்படிப் பயந்து படுத்திருப்பவர் யாராவது இருப்பார். ஆபத்தான அறிகுறிகள் இல்லை என்று டாக்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு இன்று மாலையே கையைப் பிடித்துத் தெருமுனை வரை நடத்திக் கூட்டிச் செல்லுங்கள். நாளைக்கு இன்னும் பத்தடி கூடுதலாக நடக்கட்டும்.